ஸ்டால் ஸ்பீடு எவ்வளவு வேண்டும்? ட்ரான்ஸ்மிஷனை இரண்டு முறை இறக்கியவன் சொல்வது

என்னிடம் இருப்பது 1972 செவர்லே நோவா. 350 கன அங்குல எஞ்சின், டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன். ஹூஸ்டனில் வாங்கினேன். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டு, கைகளைச் சும்மா வைத்திருக்க முடியாமல், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டை மாற்றினேன். வண்டியின் குரல் பிரமாதமாக ஆகிவிட்டது. ஆனால் சிக்னலில் டிரைவில் போட்டு நிறுத்தினால் எஞ்சின் இருமி இருமி அணைந்துபோகும். பிரேக்கை ஏறி மிதித்தால்தான் வண்டி முன்னால் இருப்பவரை இடிக்காமல் நிற்கும்.

"கன்வெர்ட்டரை மாத்துங்க" என்றார்கள். எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷனுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆயில் வழியாகப் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைத்தான் சொன்னார்கள். எந்த ஸ்டால் ஸ்பீடு என்று கேட்டால் ஒருவர் 2000 என்றார், ஒருவர் 2800, இன்னொருவர் 3500. நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டு ஆர்டர் செய்தேன். வந்தது சரியில்லை. மறுபடி ட்ரான்ஸ்மிஷனை இறக்கி, கன்வெர்ட்டரைத் திருப்பி அனுப்பி, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. தப்பு செய்தவர் பொருள் செய்து கொடுத்தவர் இல்லை, நான்தான். அது எப்படி என்பது ஐந்தாவது படியில் வரும். பழைய அமெரிக்க வண்டி ஒன்றை வாங்கி, தினமும் ஓட்டவும் வேண்டும், அழுத்தினால் பாயவும் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். இங்கே ஸ்டால் என்பது எஞ்சின் அணைவது இல்லை. வண்டி அசையாமல் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் ஓர் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஏறி, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலைத் தள்ள முடியாமல் அங்கேயே நிற்கும். அந்த எண்தான் ஸ்டால் ஸ்பீடு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், அதன் காற்றில் மற்றது சுற்றும் அல்லவா? உள்ளே நடப்பது அதுதான், காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சினோடு சுற்றுவது பம்ப், ட்ரான்ஸ்மிஷனோடு சுற்றுவது டர்பைன். நடுவில் உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றிப் பம்புக்கே உதவியாக அனுப்புகிறது. அதனால் வண்டி கிளம்பும் நொடியில் எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) கிட்டத்தட்ட இரண்டு மடங்காகச் சக்கரத்தை நோக்கிப் போகும். வேகம் ஏற ஏற அந்தப் பெருக்கம் குறைந்து ஒன்றுக்கு வந்துவிடும்.

வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம் போட்ட எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மில் சோம்பேறி. அதை நேராக அதன் பலம் தொடங்கும் இடத்துக்கு ஏறவிடுவதுதான் உயர்ந்த ஸ்டாலின் வேலை. வேண்டியதற்குக் குறைவாக இருந்தால் டைட் என்பார்கள், மிஞ்சினால் லூஸ்.

1. எண்ணை யோசிக்கும் முன் தாள்களைச் சேருங்கள்

ஒரு உறை எடுத்து வண்டியின் பெயரை எழுதி வையுங்கள். அதற்குள் போக வேண்டியவை இவை.

கேம் கார்டு. கேம்ஷாஃப்ட் பெட்டியில் வரும் சின்ன அட்டை. அதில் இரண்டு டியூரேஷன் எண்கள் (வால்வு எத்தனை டிகிரி சுற்றுக்குத் திறந்திருக்கும் என்பது) இருக்கும். விளம்பர டியூரேஷன் என்று பெரிய எண், 268, 280 என்பது போல. அதை விடுங்கள். 0.050 அங்குல லிஃப்டில், அதாவது கேம் அவ்வளவு தூக்கிய இடத்திலிருந்து, அளந்த எண்தான் நமக்கு வேண்டும். என்னுடையது 224/230 (உள்ளிழுக்கும் வால்வு/வெளியேற்றும் வால்வு). கூடவே ஆர்பிஎம் எல்லையும் போட்டிருப்பார்கள்; என் அட்டையில் 1600 முதல் 5800. பழைய உரிமையாளர் கேமை மாற்றியிருந்தால் அவரிடம் கெஞ்சியாவது அட்டையையோ ரசீதையோ வாங்கிவிடுங்கள். அட்டை தொலைந்தாலும் பகுதி எண் தெரிந்தால் தயாரிப்பாளரின் பட்டியலில் கிடைத்துவிடும்.

பின் ஆக்சில் விகிதம். விற்றவர் சொன்னதை எழுதாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை பேர் ஆக்சிலை மாற்றினார்களோ! பின்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றுங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், நியூட்ரலில் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்றுகிறதா? அப்படியானால் பாசி டிராக்ஷன். சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். மூன்றும் கொசுறும் என்றால் 3.08. எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்றி எண்ணுங்கள். டிரைவ் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது.

டயர் உயரம். தரையில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை அங்குலத்தில் அளந்து 3.14-ஆல் வகுங்கள்.

எடைச் சீட்டு. நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப்களில் லாரிகளுக்கான எடைமேடை இருக்கும். காரையும் ஏற்றலாம். 15 டாலர் ஆனது, பத்து நிமிட வேலை. நீங்களும் உள்ளே உட்கார்ந்தே நிறுத்துங்கள், கன்வெர்ட்டர் உங்களையும் சேர்த்துத்தான் தள்ளப்போகிறது. நான் 3,100 பவுண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். சீட்டில் வந்தது 3,480.

டைனோ தாள். வண்டியை உருளைமேல் ஓட்டி எஞ்சின் பலத்தை அளந்து தரும் தாள். இதை நான் வீண் செலவு என்று ஒதுக்கினேன். மூன்று ஓட்டத்துக்கு 150 டாலர். ஒதுக்கியதற்கு அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொடுத்தேன்.

2. கேமிலிருந்து ஒரு தொடக்க எண்

கேம் கார்டில் உள்ள கீழ் ஆர்பிஎம் எல்லையோடு 500 முதல் 1000 வரை கூட்டுங்கள். தெருவில் ஓட்டும் வண்டிக்கு உங்கள் எண் அந்த இடைவெளியிலோ அதை ஒட்டியோ இருக்கும். என் அட்டையில் 1600. ஆகவே 2100-க்கும் 2600-க்கும் நடுவே.

350 அளவு எஞ்சினுக்கு நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது. 0.050-ல் டியூரேஷன் 210-க்குக் கீழே என்றால் பழைய கன்வெர்ட்டரே போதும், காசைப் பிரேக்குக்குச் செலவழியுங்கள். 210 முதல் 220 வரை என்றால் 2000-2400. 220 முதல் 230 வரை 2400-2800. அதற்கு மேல் 235, 240 என்று போனால் 3000-ஐத் தாண்டியாக வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் பால் வாங்கக் கடைக்குப் போக விரும்புகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். எஞ்சின் பெரிதானால் அதே கேம் சிறிதாக நடந்துகொள்ளும். 350-ல் முரண்டு பிடிக்கும் கேம் 454-ல் பசுவாகிவிடும். அப்போது எண்ணைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

ஐடிலில் டிரைவில் போட்டவுடன் எஞ்சின் அணைவதற்குக் கன்வெர்ட்டரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும், கார்புரேட்டர் சரியாக அமையாவிட்டாலும் இதேதான் நடக்கும். அவை இரண்டையும் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

3. நெடுஞ்சாலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரே ஒரு சூத்திரம். மைல் வேகம் × ஆக்சில் விகிதம் × டாப் கியர் விகிதம் × 336, இதை டயர் உயரத்தால் வகுக்கவும். வருவது எஞ்சின் ஆர்பிஎம்.

எனக்கு 65 மைல், 3.08 ஆக்சில், டர்போ 350-ல் டாப் கியர் 1.00, 26 அங்குல டயர். விடை சுமார் 2590. அதே வண்டியில் 3.73 ஆக்சில் இருந்தால் 3130. 2.73 இருந்தால் 2290.

இந்த எண்ணை ஸ்டால் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் புதியவர்கள் பயந்துபோகிறார்கள். "2800 ஸ்டால் போட்டால் 2600-ல் ஓடும்போது முழுக்க வழுக்குமா?" என்று கேட்பார்கள். இல்லை. ஸ்டால் எண் முழு ஆக்ஸிலேட்டருக்கானது. சமதரையில் லேசாக மிதித்து ஓட்டும்போது கன்வெர்ட்டர் மீது விழும் டார்க் கொஞ்சம்தான், அதனால் வழுக்கலும் கொஞ்சம்தான். சிக்கல் எப்போது என்றால், ஏற்றம், ஏசி, நான்கு பேர், எதிர்க்காற்று எல்லாம் சேரும்போது. அப்போது நீங்கள் அழுத்தமாக மிதிப்பீர்கள், எஞ்சின் ஸ்டால் எண்ணுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும், கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கி ஆயிலைக் காய்ச்சும்.

ஆஸ்டினில் இருக்கும் நண்பர் ஒருவர் பழைய பொருள் சந்தையில் 150 டாலருக்குக் கிடைத்தது என்று 3500 ஸ்டால் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கித் தன் கமாரோவில் மாட்டினார். ஆக்சில் 2.73. ஊருக்குள் ஜவ்வு மாதிரி ஓடியது. மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி அப்புறம்தான் வரும். ஹில் கன்ட்ரி பக்கம் 290-ஆம் நெடுஞ்சாலையில் ஆகஸ்ட் வெயிலில் குடும்பத்தோடு போனபோது ட்ரான்ஸ்மிஷன் மீட்டர் 250 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. அந்தக் கோடை முடிவதற்குள் சிவப்பு ஆயில் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது.

தினசரி வண்டிக்கு நான் சொல்வது: ஸ்டால் எண் உங்கள் நெடுஞ்சாலை ஆர்பிஎம்மை 200, 300-க்கு மேல் தாண்ட வேண்டாம். லாக்கப் (அடுத்த படியில் சொல்கிறேன்) இருந்தால் இந்தக் கட்டுப்பாடு தளரும்.

4. உங்கள் ட்ரான்ஸ்மிஷனில் லாக்கப் உண்டா?

டர்போ 350, டர்போ 400, ஃபோர்டு சி4, சி6, பழைய கிரைஸ்லர் 727 என்றால் பொதுவாக இல்லை. டர்போ 350-சி என்ற பிற்காலத்து வகையில் மட்டும் உண்டு. 700ஆர்4, 4எல்60இ போன்ற நான்கு கியர் ட்ரான்ஸ்மிஷன்களில் உண்டு. லாக்கப் என்பது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளச். நெடுஞ்சாலையில் பம்பையும் டர்பைனையும் இறுக்கிப் பிடித்து வழுக்கலை அறவே நிறுத்திவிடும்.

700ஆர்4-இல் நான்காவது கியர் 0.70. மேலே சொன்ன 3.73 வண்டி அதில் 65 மைலில் சுமார் 2190-ல் ஓடும். 2800 ஸ்டால் போட்டு லாக்கப் வேலை செய்தால் கவலை இல்லை. விலை குறைவு என்று லாக்கப் இல்லாத கன்வெர்ட்டரை இதில் மாட்டினால் ஓவர்டிரைவில் (அந்த நான்காவது கியரில்) ஓடும் ஒவ்வொரு மைலும் ஆயிலைச் சுடும். இதற்குப் போய் 100, 150 டாலரை மிச்சம் பிடிக்காதீர்கள். இன்னொன்று, 700ஆர்4-இன் முதல் கியர் 3.06, டர்போ 350-இல் 2.52. முதல் கியரே வலுவாகத் தள்ளுவதால், அதே எஞ்சினுக்கு ஸ்டால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வண்டி நன்றாகக் கிளம்பும்.

5. பெட்டியில் அச்சிட்ட எண் உங்கள் எண் இல்லை

நான் விழுந்த குழி இது. நிதானமாகப் படியுங்கள்.

கன்வெர்ட்டருக்கு என்று தனியாக ஒரு ஸ்டால் ஸ்பீடு கிடையாது. எந்த எஞ்சின் பின்னால் மாட்டுகிறோமோ அதன் டார்க்கைப் பொறுத்து அது மாறும். டார்க்கின் வர்க்கமூலம் எப்படி ஏறி இறங்குகிறதோ, ஸ்டாலும் ஏறக்குறைய அப்படியே ஏறி இறங்கும். 450 பவுண்டு-அடி டார்க் தரும் 454 எஞ்சினுக்குப் பின்னால் 3000-ல் நிற்கும் கன்வெர்ட்டரை எடுத்து, 300 பவுண்டு-அடி தரும் 350-க்குப் பின்னால் மாட்டுங்கள். 300-ஐ 450-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.816. மூவாயிரத்தை அதனால் பெருக்கினால் 2450. பொருள் ஒன்றே, 550 ஆர்பிஎம் காணாமல் போய்விட்டது.

வண்டியும் இதில் கை வைக்கும். கனமான வண்டி அசைய மறுப்பதால் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக ஏறும். லேசான வண்டி சட்டென்று நகர்ந்துவிடும். ஆக்சில் விகிதம் உயர்ந்தாலும் வண்டி எளிதாக நகர்வதால் எண் சற்று இறங்கும்.

இனி என் கதை. சொல்லிச் செய்யும் இடத்தில் ஆர்டர் கொடுத்தேன். படிவத்தில் எஞ்சின் பலம் என்ற இடத்தில் 400 குதிரைத்திறன் என்று எழுதினேன். யார் அளந்தது? யாரும் இல்லை. கேம் மாற்றினோம், கார்புரேட்டர் மாற்றினோம், இருக்கும் என்று ஒரு நினைப்பு. வேண்டிய ஸ்டால் 2800. அவர்கள் நல்ல பலமான எஞ்சின் என்று நம்பி, 400 பவுண்டு-அடியும் வந்து முட்டினால் 2800-ல் நிற்கும்படி டைட்டாகச் செய்து கொடுத்தார்கள். மாட்டி மிதித்தேன். முள் 2400-ஐத் தொட்டு நின்றது. கோபமாகப் போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் குரலை உயர்த்தாமல் "டைனோ தாள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். போய் ஓட்டினேன். பின் சக்கரத்தில் 235 குதிரைத்திறன். எஞ்சினில் 300 பவுண்டு-அடிக்குச் சற்று மேலே. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 2400-ஐ ஒட்டித்தான் வரும். அவர்கள் செய்தது சரி, நான் எழுதியதுதான் பொய்.

பலத்தைக் கூட்டிச் சொன்னால் ஸ்டால் குறைந்துதான் வரும். வரன் பார்க்கும்போது ஜாதகத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பொருத்தம் பார்த்தவரைத் திட்டுவது மாதிரி ஆகிவிட்டது என் கதை. எடையையும் நான் குறைத்து எழுதியிருந்தேன், அது எண்ணை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு பொய் இன்னொன்றைச் சரிக்கட்டிவிடும் என்று நம்பாதீர்கள்.

6. ஆர்டர் கொடுக்கும்போது

"2800 வேண்டும்" என்று எண்ணைச் சொல்லி வாங்குவதைவிட, உறையில் உள்ள தாள்களைப் படம் எடுத்து அனுப்பி "என் வண்டி இது, தினமும் இத்தனை மைல், மாதம் ஒருமுறை டிராக் ஸ்ட்ரிப் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடம்)" என்று சொல்லி, எண்ணை அவர்கள் வாயிலிருந்து வரவிடுங்கள். பிறகு அதை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். 300-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏன் என்று கேளுங்கள். நல்ல ஆள் காரணம் சொல்வார்.

அடுத்த மாதம் ஆக்சில் மாற்றப்போகிறேன், அடுத்த வருடம் நைட்ரஸ் (எஞ்சினுக்குள் வாயு செலுத்திப் பலம் கூட்டுவது) போடப்போகிறேன் என்ற கனவுகளைப் படிவத்தில் இன்றைய நிலையாக எழுதாதீர்கள். தனிக் குறிப்பாகச் சொல்லுங்கள். நைட்ரஸ் உறுதி என்றால் கன்வெர்ட்டர் வீங்காமல் இருக்க உள்ளே ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அதற்கு விலை வேறு.

கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை: அவர்கள் சொல்லும் எண் ஃப்ளாஷ் ஸ்டாலா, பிரேக்கைப் பிடித்துப் பார்க்கும் ஸ்டாலா? பிரேக் ஸ்டால் என்றால் ஒரு காலால் பிரேக், மறுகாலால் ஆக்ஸிலேட்டர். பின் டயர் வழுக்கத் தொடங்கிவிடுவதால் உண்மை எண்ணுக்கு முன்பே நின்றுவிடும். ஃப்ளாஷ் என்றால் ஐடிலிலிருந்து ஒரேயடியாக மிதிக்கும்போது முள் தாவும் இடம். இந்த இரண்டையும் குழப்பி "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று சண்டை போடுபவர்கள் ஏராளம். அடுத்து, எண் சரியாக வராவிட்டால் திறந்து மாற்றித் தருவதற்கு என்ன கட்டணம், எத்தனை நாளுக்குள்? சிலர் முதல் முறை இலவசமாகச் செய்வார்கள், ஷிப்பிங் மட்டும் உங்களுடையது. பழைய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? கொடுக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள்?

7. பொருந்துமா என்று பார்ப்பது

எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் பல் வைத்த தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கவனியுங்கள். ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) வண்டிகளில் கன்வெர்ட்டர் போல்ட் வட்டம் 10.75 அங்குலம், 11.5 அங்குலம் என இரண்டு வகை. இரண்டுக்கும் துளையிட்ட பிளேட்டும் உண்டு. பல் எண்ணிக்கை 153 அல்லது 168; ஸ்டார்ட்டர் அதற்கேற்ப மாறும். 1986 முதல் வந்த 350-களில் பின் மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) ஒற்றைத் துண்டு, அதன் பிளேட்டில் எடை வைத்துச் சமப்படுத்தியிருப்பார்கள். பழையதோடு மாற்றிப் போட்டால் வண்டி நடுங்கும். 400 ஸ்மால் பிளாக்கும் 454-உம் வெளியே சமப்படுத்திய எஞ்சின்கள், அவற்றுக்குத் தனி பிளேட்.

700ஆர்4-இல் 1984 வரை வந்தவற்றின் இன்புட் ஷாஃப்ட்டில் 27 பல், பிறகு 30. உங்களுடையது எது என்று எண்ணிச் சொல்லுங்கள். எல்எஸ் எஞ்சினை (ஜிஎம்மின் பிற்கால வி8) பழைய ட்ரான்ஸ்மிஷனோடு சேர்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலானவற்றில் கிராங்க் முகம் 0.400 அங்குலம் உள்ளே இருக்கும். இடைவளையம் இல்லாமல் கன்வெர்ட்டர் எட்டாது.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன், எல்லாம் டாலரில். கன்வெர்ட்டர் 780. ஷிப்பிங் 60. திறந்து மாற்றியதற்கு 190. அதற்காகப் போக வர ஷிப்பிங் 130. இரண்டு முறை ஆயில் 140. கூலர் 95. ஃபில்டரும் பான் கேஸ்கெட்டும் 35. ட்ரான்ஸ்மிஷன் ஜாக்கி வாடகை இரண்டு வார இறுதிக்கு 90. டைனோ 150, எடை 15. மொத்தம் 1,685. இதில் 435 என் பொய்க்குக் கட்டிய அபராதம்.

கடையில் தயாராகக் கிடைக்கும் கன்வெர்ட்டர் 250 முதல் 400 வரை இருக்கும். 2000-2400 எல்லையில் சாதாரண 350-க்கு அது தாராளமாகப் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லிச் செய்வது 700-லிருந்து தொடங்கும். மாட்டும் வேலையை வெளியே கொடுத்தால் ஐந்தாறு மணிநேரக் கூலி. எங்கள் பக்கம் 600 முதல் 900 வரை கேட்டார்கள்.

சொல்லிச் செய்வதற்கு மூன்று வாரம் ஆயிற்று. திறந்து மாற்ற இன்னும் இரண்டரை வாரம். வசந்த காலத்தில் ரேஸ் சீசன் தொடங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுப்பார்கள். நவம்பர், டிசம்பரில் கொடுத்துவிட்டால் நிம்மதி. கன்வெர்ட்டர் கைக்கு வராமல் ட்ரான்ஸ்மிஷனை இறக்காதீர்கள். நான் இறக்கிவிட்டேன். மூன்று வாரம் வண்டி கராஜில் ஸ்டாண்டின் மேல் நின்றது, மனைவியின் கார் மழையில் நின்றது. அந்தச் செலவை மேலே எழுதவில்லை.

9. கூலர் இல்லாமல் மாட்ட வேண்டாம்

ஸ்டாலைக் கூட்டினால் சூடு கூடும். ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலர் மட்டும் போதாது. தகடு வகைக் கூலர் ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாகப் போடுங்கள். ஆயில் பானில் ஒரு வெப்பமானியும் வையுங்கள். 175 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் இருந்தால் ஆயிலுக்குச் சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. 240-ஐத் தாண்டினால் உள்ளே வார்னிஷ் படியத் தொடங்கும்.

10. மாட்டும்போது பம்ப்பை உடைக்காதீர்கள்

கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றிவிட்டு ட்ரான்ஸ்மிஷன் முகத்தில் செருகுங்கள். சுற்றிக்கொண்டே தள்ளினால் மூன்று முறை டக், டக், டக் என்று உள்ளே இறங்கும்: இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் தண்டு, கடைசியாக ட்ரான்ஸ்மிஷனின் ஆயில் பம்ப். இரண்டு டக்கோடு திருப்திப்பட்டுப் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்திலேயே அது தெரியும்.

பெல்ஹவுசிங் (ட்ரான்ஸ்மிஷனின் மணி வடிவ முன்பகுதி) எஞ்சின் பிளாக்கோடு கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கிறது, போல்ட்டால் இழுத்துவிடலாம் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்துங்கள். கன்வெர்ட்டர் முழுதாக இறங்கவில்லை. ஒட்டியபின் கன்வெர்ட்டர் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். அதை ஃப்ளெக்ஸ்பிளேட்டை நோக்கி இழுத்தால் 1/8 முதல் 3/16 அங்குலம் முன்னால் வர வேண்டும். வராவிட்டாலோ, அதற்கு மேல் வந்தாலோ போல்ட் போடாமல் விற்றவரைக் கேளுங்கள். பெட்டியோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துங்கள். நீளமான போல்ட் கன்வெர்ட்டரின் முகத்தை உள்பக்கமாகக் குத்தி நெளித்துவிடும்.

700ஆர்4 வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளை மறுபடி சரியாக அமைக்காமல் ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. கிளச்சுகள் எரிந்துபோகும்.

11. எண் வந்ததா என்று பார்ப்பது

பொதுச் சாலையில் வேண்டாம். டிராக் ஸ்ட்ரிப்களில் டெஸ்ட் அண்ட் ட்யூன் இரவு (சொந்த வண்டியை ஓட்டிச் சோதிக்க விடும் இரவு) நடத்துவார்கள், 30 டாலர் வாக்கில் ஆகும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 13.99 நொடியிலோ அதற்குள்ளோ ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம். என்னைப்போல் 14-க்கு மேல் ஓடினாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயில் சூடான பிறகு, ஐடிலில் நின்று, பிரேக்கை விட்டவுடன் முழுக்க மிதியுங்கள். மீட்டர் முள்ளைப் போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எங்கே தாவி நின்றது என்று தெரியும். டயர் வழுக்கியிருந்தால் அந்த எண் செல்லாது. பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பதானால் நான்கைந்து நொடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் எஞ்சினின் முழுப் பலமும் சூடாகக் கன்வெர்ட்டருக்குள் இறங்குகிறது. பிறகு நியூட்ரலில் போட்டு இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

திறந்து மாற்றி வந்த பிறகு என் முள் 2750-ல் நின்றது. 3-ஆவது படியில் நானே சொன்ன எல்லைக்குள் சரியாக அடங்கியது. முதல் 60 அடிக்கு 2.40 நொடி எடுத்த வண்டி 2.15-க்கு வந்தது. சிக்னலில் டிரைவில் போட்டு நின்றால் எஞ்சின் அணைவதில்லை, பிரேக்கில் ஏறி நிற்கவும் வேண்டியதில்லை.

முதல் 500 மைல் ஓடியதும் ட்ரான்ஸ்மிஷனின் ஆயில் பானைக் கழற்றிப் பாருங்கள். அடியில் மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் இயல்பு. பளபளவென்று உலோகத் துகள் மின்னினால் அதற்கு மேல் ஓட்டாமல், அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு விற்றவருக்குப் போன் போடுங்கள்.